யார் இறங்கச் சொன்னது?

மூணாறு மலையில் அந்தத் தேயிலை எஸ்டேட்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆபீசர் ஜீப்பில் வந்தால் கொழுந்து பறிக்கிற பெண்கள் ரோட்டை விட்டு ஓரத்துத் தண்ணீர் ஓடைக்குள் இறங்கி நிற்பார்கள். வெள்ளைக்காரத் துரை போய் எத்தனையோ காலமாகிவிட்டது. ஓடையில் இறங்குவது மட்டும் போகவில்லை.

போன மாதம் கொழுந்துச் சாக்கோடு அப்படி இறங்கும்போதுதான் பிலோமி வழுக்கி விழுந்தாள். முழங்கால் சவ்வு கிழிந்துவிட்டது. வேலையில் பட்ட காயம் என்று எழுதினால்தான் எஸ்டேட் ஆபரேஷன் செலவைப் பார்க்கும். மனுக் கொடுத்தாள்.

பீல்டு ஆபீசர் ஜிபி சிரித்தார். "ஒன்னை யாரு எறங்கச் சொன்னது? பெரியவங்களைக் கண்டா ஒதுங்குறது ஒங்க ரத்தத்துல உள்ளது. அதுக்கு கம்பெனி என்ன செய்யும்?"

வீட்டில் புருஷன் சூசையப்பனும் அதே பாட்டைத்தான் பாடினான். "நம்ம பொறப்பே அப்படி. விட்டுத் தள்ளு பிலோமி."

பிலோமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரத்தமாம், பிறப்பாம்! பக்கத்து மலைக்குப் புதிதாக வேலைக்கு வந்த ஜார்கண்ட் பெண்களுக்கு மட்டும் வேறு ரத்தமா ஓடுகிறது? ஜீப் வந்தால் ரோட்டோரம் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள், அவ்வளவுதான். அவள் பெற்ற ஷீனாவும் மூன்று வயதில் அப்படித்தான் நின்றாள். கையைப் பிடித்து ஓடைக்குள் இழுத்தது பிலோமிதான். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை நொண்டிக்கொண்டே வேலைக்குப் போனாள். ஜீப் சத்தம் கேட்டதும் பெண்கள் மளமளவென்று இறங்கினார்கள். பிலோமியின் காலும் கிளம்பியது. சனியன் பிடித்த கால்! சாக்கை இறுக்கிப் பிடித்தபடி ரோட்டோரத்திலேயே நின்றாள். பயமாகத்தான் இருந்தது.

ஜீப் போகத் தாராளமாக இடம் இருந்தது. ஆனாலும் நின்றது. ஜிபி ஹாரனை அமுக்கினார். அவள் அசையவில்லை.

"எல்லாரும் எறங்கியாச்சு, ஒனக்கு மட்டும் என்ன? எறங்குடி ஓடையில!"

"சரி சார்," என்றாள் பிலோமி. "யாரு எறங்கச் சொன்னதுன்னு கேட்டீங்கள்லா? இப்ப நீங்க சொன்னதை இத்தனை பேரு கேட்டுட்டாங்க. மனுவுல அப்படியே எழுதிக் குடுக்கேன்."

அவளோடு ஒரே நிரையில் பறிக்கிற ரோசி ஓடையிலிருந்து மேலே ஏறி வந்தாள்.

"சாட்சிக்கு என் பேரையும் எழுதுக்கா."

அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். இப்போதுதான் ஜீப்புக்கு நிஜமாகவே வழி இல்லாமல் போனது.