வீடு மாறிய ஓடு

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் லயத்தின் ஐந்து வீடுகளுக்கும் ஒரே நீளக் கூரை. என் அடுப்புக்கு நேர்மேலே ஓர் ஓடு உடைந்து, மழை குழம்பில் கொட்டியது. கடைசி வீட்டில் இருந்த, துரைக்குக் கணக்கெழுதும் கிராணியிடம் புது ஓடு கேட்டேன்.

"துரை ஓடெல்லாம் குடுக்கமாட்டாரு. கீழ ஒரு சட்டிய வை," என்றார், வெற்றிலையை மென்றுகொண்டே.

வைப்பேனா? கூரை வேலை செய்யும் மாயாண்டியைக் கூப்பிட்டேன். அவன் பக்கத்து வீட்டிலிருந்து நல்ல ஓடொன்றை உருவி எனக்குப் போட்டுவிட்டு, உடைந்ததை அங்கே செருகினான். அடுத்த மழையில் அவர்களும் அவனையே கூப்பிட்டார்கள். அப்படியே வீடு வீடாக நகர்ந்த உடைந்த ஓடு, தீபாவளி மழைக்குக் கிராணியின் கட்டிலுக்கு மேலே போய்ச் சேர்ந்தது. அதற்கப்பால் வீடு கிடையாது.

நானே போய்க் கதவைத் தட்டினேன்.

"சட்டி கொண்டாந்திருக்கேன், ஐயா!"