மிஸ் என்ற வினைச்சொல்

1

இது எனக்குக் கதையாகக் கிடைக்கவில்லை, புலம்பலாகத்தான் கிடைத்தது. எனக்குத் தெரிந்த ஒருத்தி ஆங்கிலத்திலிருந்து இத்தாலியனுக்கு மொழிபெயர்க்கிறவள். ஒரு மத்தியானம் தன் வேலையைப் பற்றி அலுத்துக்கொண்டவள், ஒரே ஒரு வினைச்சொல் தன்னைப் படுத்திய பாட்டைச் சொன்னாள். சொல்லி முடித்ததும், "இதைப் போய் எழுதித் தொலைச்சிடாத" என்றாள். எழுதுகிற ஆளிடம் அப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

எப்படித் தொடங்குவது என்று மூன்று தரம் பார்த்தேன்.

மழை விட்டிருந்த ஒரு மாலையில் அந்த மனிதர் படியேறி

(மழையே பெய்யவில்லை. அவர் வந்தது காலையில்.)

மொழி என்பது ஒரு பாலம் என்றால்

(எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.)

ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் இன்னொரு

(வேண்டாம். வேலை பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணிலிருந்து தொடங்கலாம். அதுதான் நேர்மை.)

2

வீட்டில் அவளை அகராதி என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தது அக்கா வீட்டுக்காரர். படிப்பைப் பார்த்து வைத்தாரா, வாயைப் பார்த்து வைத்தாரா என்று யாரும் கேட்டதில்லை, அத்தானும் வாய் திறந்ததில்லை. இரண்டு பொருளுக்கும் பொருத்தமாக அவள் நடந்துகொண்டாள் என்பது மட்டும் உண்மை.

தமிழ் அபூர்வமாகவே காதில் விழும் ஒரு வெளிநாட்டு ஊரில், டயர் கடைக்கு மேலே ஓர் அறை. மேஜை, கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி, காதில் மாட்டும் ஹெட்ஃபோன் இரண்டு. கீழே காற்றடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அவளிடம் வருகிற வேலையில் முக்கால்வாசி இயந்திரக் கையேடுகள். ஆங்கிலத்தில் 'ஸ்பிரிங்' என்று ஒரு சொல் வரும். அது வசந்த காலம், தண்ணீர் ஊற்று, சுருள் கம்பி, மூன்றும்தான். இத்தாலியனில் மூன்றுக்கும் மூன்று தனிச் சொற்கள். ஆள் கொஞ்சம் அசந்தால், மூடியைத் திறப்பதற்கு முன் வசந்தத்தைக் கழற்றிப் பத்திரமாக வைக்கவும் என்று எழுதிவிடுவார்கள். அவளுக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்த ஒருவர் நிஜமாகவே அப்படி எழுதியிருந்தாராம். அதைத் திருத்தப் போய்த்தான் அவளுக்கு இந்தத் தொழில் அமைந்தது.

நேரில் பேசி மொழிபெயர்க்கும் வேலையும் எப்போதாவது வரும். அதற்கு அவளிடம் ஒரே ஒரு விதி: கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். பேசுகிறவர் அழுதாலும் இவள் குரல் அப்படியே இருக்கும். "நீ கல்லுடி" என்பாள் அக்கா. அகராதி அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

[அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. நிஜத்தில் அவள் தங்கை. தங்கை இத்தனை அதிகாரமாகப் பேசினால் வாசகர்கள் நம்பமாட்டார்கள் என்று அக்காவாக ஆக்கினேன். தங்கையோடு பிறந்தவர்கள் இந்த இடத்தில் சிரித்துக்கொள்ளலாம்.]

3

அந்த மனிதர் லிஃப்ட் மெக்கானிக். ஐம்பத்தைந்தைத் தாண்டியவர். சாம்பல் நிறக் கோட்டு, கையில் டூல்பாக்ஸ். வேலைக்கு நடுவில் வந்தவர் போலத்தான் எப்போதும் வருவார். இளம் வயதில் வேலைக்குப் போன இடத்தில் இத்தாலியன் பேசும் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். அவருக்கு அவள் மொழி தெரியாது, அவளுக்கு இவர் மொழி தெரியாது. இருவருக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஆங்கிலத்தில் குடித்தனம் நடத்தினார்கள். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தபோது அந்தக் குடித்தனம் முடிந்துபோனது. யார் மேல் தப்பு என்று அவர் சொல்லவில்லை, அகராதியும் கேட்கவில்லை. அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். குழந்தை இத்தாலியனிலேயே வளர்ந்தது. இப்போது வளர்ந்த பெண், பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை.

அந்த மகளோடு வீடியோவில் பேச வேண்டும் என்றுதான் வந்தார். அகராதிக்குத் தமிழ் தெரியும் என்று தெரிந்ததும் அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. தமிழிலேயே பேசுங்கள், நேராக இத்தாலியனில் சொல்லிவிடுகிறேன் என்றாள் அவள். அவர் டூல்பாக்ஸைக் காலடியில் வைத்தார்.

"வேணாம் மேடம். சின்னதுல அவ காதுல விழுந்ததெல்லாம் என் இங்கிலீஷ்தான். அது கேட்டா ஏதாவது ஞாபகம் வரலாம்."

ஆகவே இப்படி முடிவானது. அவர் ஆங்கிலத்தில் பேசுவார், இவள் இத்தாலியனில் சொல்வாள். மகள் பேசுவதை அவருக்குத் தமிழில் சொல்வாள்.

முதல் தடவை பேச்சு நன்றாகவே போனது. தினமும் 'பிட்'டுக்குள் இறங்கித்தான் வேலை என்றார் அவர். லிஃப்ட்டுக்கு அடியில் இருக்கிற பள்ளம். இத்தாலியனில் அதற்குரிய சரியான சொல்லைத்தான் அகராதி போட்டாள், ஆனால் பிணம் புதைக்கிற குழிக்கும் அதே சொல்தான். அப்பா தினமும் குழிக்குள் இறங்குகிறார் என்று கேட்டதும் மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. விளக்கிய பிறகு மூன்று பேருமே சிரித்தார்கள். நம் மொழியில் சொல்லியிருந்தாலும் இதே கூத்துதான் நடந்திருக்கும்.

4

இரண்டாவது தடவைதான் அந்தச் சொல் வந்தது.

அதற்கு முன் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். போன வருஷம் மகள் எங்கோ போகிற வழியில் இந்த ஊர் ஸ்டேஷனில் ரயில் மாற வேண்டியிருந்தது. வண்டியின் நேரம், பிளாட்பாரம் எல்லாம் எழுதி அப்பாவுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். வந்து இறங்கினாள், காத்திருந்தாள், யாரும் வரவில்லை. அடுத்த வண்டி ஏறிப் போய்விட்டாள். முதல் தடவை பேசியபோது அதைப் பற்றி இருவருமே மூச்சு விடவில்லை.

இந்தத் தடவை அவர் ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருந்தார். கோட்டு பட்டனைப் போட்டுக்கொண்டு, திரையைப் பார்த்து, பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பது போலச் சொன்னார்:

"ஐ மிஸ்டு யூ அட் த ஸ்டேஷன்."

அகராதி வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை.

[மிஸ் என்பது ஆங்கிலத்தில் பஸ்ஸைத் தவறவிடுவது. ஒரு ஆள் இல்லாமல் மனசு ஏங்குவதும் அதுதான். இத்தாலியன் இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்க்காது. தவறவிட்டதற்கு ஒரு சொல், ஏக்கத்துக்கு இன்னொன்று. ஏக்கத்தைச் சொல்லும்போது வாக்கியமே தலைகீழாகிவிடும். 'நீ எனக்குக் குறைவாக இருந்தாய்' என்று சொல்வார்கள், 'மி ஸேய் மன்காத்தா'. அகராதி இதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபோது, உள்ளே மங்காத்தா சீட்டு நடக்கிறதா என்று அக்கா கதவைத் தட்டினாள்.]

எதைச் சொல்வது? 'உன்னை ஸ்டேஷனில் தவறவிட்டுவிட்டேன்' என்றால், வந்தேன், தேடினேன், கண்ணில் படவில்லை என்று ஆகும். 'ஸ்டேஷனில் நீ இல்லாமல் ஏங்கினேன்' என்றால், நான் வந்தேன், நீதான் வரவில்லை என்று குற்றம் சொல்வது போலாகும். அடுத்த வண்டி வரும்வரை காத்திருந்தவளிடம் போய் அதைச் சொல்வதா?

ஒரு நிமிஷம் என்று மகளிடம் சொல்லிவிட்டு மைக்கை அணைத்தாள்.

"சார், அந்த மொழியில இதுக்குப் பொதுவா ஒரு வார்த்தை கிடையாது. நீங்க அவளைக் காணாம திரும்பி வந்தீங்களா, இல்ல மனசு தேடுச்சா? எதைச் சொல்ல?"

"மிஸ் பண்ணேன்னு சொல்லுங்க மேடம்."

"அதுல எதுன்னுதான் கேக்கறேன்."

"தமிழ்லயும் மிஸ் பண்ணேன்னுதானே சொல்றோம்."

அவர் சொன்னதும் சரிதான். நாம் அந்தச் சொல்லை அப்படியே கடன் வாங்கி, கூடவே அதன் குழப்பத்தையும் வாங்கி வைத்திருக்கிறோம்.

(நம்முடைய சொந்தச் சரக்கும் லேசுப்பட்டதில்லை. 'குழந்தை உன்னைத் தேடுது' என்றால் கட்டிலுக்கடியில் குனிந்து பார்க்கிறது என்றும் இருக்கலாம், ஏங்கிப்போய்விட்டது என்றும் இருக்கலாம்.)

5

திரையில் மகள் காத்துக்கொண்டிருந்தாள். இவர்கள் உதடசைவது தெரியும், சத்தம் கேட்காது.

அகராதி மறுபடியும் கேட்கவில்லை. அதுதான் அவள் வழக்கம். சும்மா இருந்தாள். சும்மா இருக்கிற ஆள் முன்னால் மனிதர்கள் பேசிவிடுகிறார்கள்.

அன்றைக்கு அவர் ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். வண்டி வருவதற்கு வெகுநேரம் முன்பே போய்விட்டார். போனதும் கை கால் ஓடவில்லை. பிளாட்பாரத்தில் ஒரு லிஃப்ட் இருந்தது. அவர் கம்பெனியின் லிஃப்ட்கூட இல்லை. டூல்பாக்ஸைத் திறந்து வைத்து, அதன் கதவுப் பக்கம் உட்கார்ந்து, வேலை பார்ப்பது போல ஸ்குரூ டிரைவரைக் கையில் பிடித்துக்கொண்டார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை என்பது அவர் அனுபவம். வண்டி வந்தது. இறங்கியவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. அவள் அம்மாவின் நடை. மகள் பெட்டியோடு அங்கேயும் இங்கேயும் அலைந்து, ஒவ்வொரு ஆண் முகமாகப் பார்த்தாள். கடைசியில் நேராக இவரிடம் வந்தாள். என்னவோ கேட்டாள். லிஃப்ட் வேலை செய்யுமா என்றுதான் இருக்கும்.

"பட்டனை அமுக்கி விட்டேன் மேடம். கதவு தெறந்துச்சு. ஏறிக்கிட்டா. என்னைப் பாத்து ஏதோ சொன்னா, தேங்க்ஸ் போல. கதவு மூடிக்கிச்சு."

அகராதியின் கை மைக்கை நோக்கிப் போனது.

"இதைச் சொல்லாதீங்க. மிஸ் பண்ணேன்னு மட்டும் சொல்லிடுங்க. அது பொய்யில்லையே."

6

இந்த இடத்தில் நான் எழுதிப் பார்த்த முடிவுகளை ஒளிக்கப் போவதில்லை.

முதலாவது. 'தவறவிட்டேன்' என்று அகராதி சொல்கிறாள். மகளுக்கு மனசு ஆறிப்போகிறது. பாவம், கூட்டத்தில் தெரியவில்லை போல. எல்லோரும் நன்றாக

(எல்லோரும் நன்றாக இருந்துவிடுவார்கள், பொய்யில். அகராதி இதை ஒத்துக்கொள்ளமாட்டாள்.)

இரண்டாவது. அகராதி விதியை மீறி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். கண்ணீர், திரையைத் தொடும் விரல்கள்,

(எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

நடந்தது வேறு. அகராதி மைக்கைப் போட்டாள். கையேடு வாசிக்கும் அதே குரலில் சொன்னாள்: உங்கள் அப்பா சொன்ன ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று இது, மற்றது இது. எதுவென்று கேட்டேன், பதில் வரவில்லை. நானாகத் தேர்ந்தெடுக்க எனக்கு உரிமை இல்லை.

கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஆனாலும் அவள் செய்ததிலேயே ஈவிரக்கமில்லாத வேலை அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவளுக்கு அப்படித் தோன்றவில்லை.

மகள் இரண்டையும் கேட்டுக்கொண்டாள். இரண்டையும் விட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அகராதி அதைத் தமிழில் சொன்னாள்: "ஸ்டேஷனுக்கு வந்தீங்களான்னு கேக்கறா."

அவர் அகராதியைப் பார்த்தார். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது.

"ஐ பிரெஸ்டு த பட்டன்" என்றார் அவர்.

பட்டனுக்கும் இத்தாலியனில் இரண்டு சொல். சட்டையில் தைப்பது ஒன்று, விரலால் அமுக்குவது ஒன்று. அகராதிக்கு இந்தத் தடவை யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அதைக் கேட்டுவிட்டு மகள் திரைக்கு இன்னும் கிட்டே வந்தாள். பிறகு, லிஃப்ட் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த ஆளிடம் ஒரு டூல்பாக்ஸ் இருந்ததா என்று கேட்டாள். அகராதி தமிழில் சொல்லும் முன்பே, எப்படிப் புரிந்ததோ, அவர் காலடியில் இருந்த டூல்பாக்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திரையில் தெரியும்படி.

7

பிறகு படம் உறைந்துவிட்டது. மகளின் முகம் பாதி கீழே குனிந்த நிலையில் அப்படியே நின்றது. குரல் மட்டும் விட்டு விட்டு வந்தது. ஒரு இரைச்சல், ஒரு சொல், அதோடு இணைப்பு அறுந்துபோனது.

அந்தச் சொல் 'வெத்யாமோ'. அதில் சந்தேகமில்லை. பார்க்கலாம், யோசிக்கலாம், இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்று பொருள். அதற்கு முன்னால் 'ச்சி' என்று ஒரு சிற்றசை சேர்ந்தால் எல்லாம் மாறிவிடும். 'ச்சி வெத்யாமோ' என்றால், நாம் ஒருவரையொருவர் பார்ப்போம், சந்திப்போம். நாம் ஆளை விரட்டுவதற்குப் போடுகிற சத்தம், அங்கே இரண்டு பேரைச் சேர்த்து வைக்கிற சத்தம்.

மகள் ச்சி சொன்னாளா? அல்லது அது லைனில் வந்த இரைச்சலா? அகராதிக்குத் தெரியவில்லை. அவள் தொழிலில் இப்படித் தெரியாமல் போனது அதுதான் முதல் தடவை என்றாள்.

"என்ன சொன்னா மேடம்?"

இத்தாலியனில் அது இரண்டு சொல். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் இருந்தது. அகராதி அதைச் சொன்னாள்.

"பார்க்கலாம்னு சொன்னா சார்."

அவர் டூல்பாக்ஸைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். எழுந்து நின்று, நாற்காலியை மேஜைக்கடியில் சரியாகத் தள்ளினார்.

"எப்பன்னு சொன்னாளா?"

8

நான் அகராதியிடம் இதைத்தான் துருவித் துருவிக் கேட்டேன். ச்சி இருந்ததா, இல்லையா? கண்ணை மூடி யோசித்துப் பார்க்கச் சொன்னேன். அவர் கேட்டதற்கு நீ என்ன பதில் சொன்னாய் என்றும் கேட்டேன்.

இரண்டாவதற்கு மட்டும் பதில் சொன்னாள். "சொல்லலன்னு சொன்னேன். அது உண்மைதானே." அவர் தலையாட்டிவிட்டு, "அவளுக்கு லீவு கிடைக்கணுமில்ல" என்றபடி படியிறங்கிப் போனாராம்.

முதல் கேள்விக்கு, "எழுதப்போறவ நீதானே, ஒனக்கு எது வேணுமோ போட்டுக்க" என்றாள். என்னால் முடியவில்லை. இரண்டு விதமாகவும் எழுதினேன், இரண்டையும் கிழித்தேன். நடந்தது நடந்தபடி, மகளின் கடைசிப் பேச்சை அவள் காதில் விழுந்த அளவிலேயே கீழே எழுதி வைக்கிறேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். முன்னால் இருக்கிற இடத்தில் உங்கள் வாய் தானாக என்ன சத்தம் போடுகிறதோ, அதுதான் முடிவு.

............ வெத்யாமோ.