மழை ஓயாத ஆஸ்பத்திரி

ஹபீபுன்னிசா அந்த ஆஸ்பத்திரியின் நிலவறையில் விளக்குக்கு எண்ணெய் பிடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் பெல் அடித்தது. நிலவறை டிவிக்குள் இருந்தது. வாசல் குத்தாலம் பள்ளிவாசல் தெருவில் இருந்தது. கையிலிருந்த ஜாய்ஸ்டிக்கின் நடுப் பொத்தானை அமுக்கி, வெள்ளை கவுன் போட்ட நர்ஸைப் பீப்பாய் பக்கத்திலேயே நிறுத்தினாள். டிவி சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தாள். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். பக்கத்து வீட்டு நஃபீசா மச்சி நின்றாள். கணவனின் அக்கா. அவளுக்குப் பின்னால் பள்ளிவாசல் சேக் தாவூது அசரத்து, கையில் ஒரு பாட்டில் தண்ணீரோடு, வந்திருக்கக்கூடாதோ என்கிற முகத்தோடு நின்றார்.

"வாங்க அசரத்தே. வாங்க மச்சி."

"என்னம்மா, ஒடம்பு தேவலையா?" என்று கேட்டுக்கொண்டே அசரத்து உள்ளே வந்தார்.

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். உக்காருங்க, டீ போடுறேன்."

"டீ அப்புறம் குடிக்கலாம்," என்றாள் நஃபீசா. "அவ மொகத்தப் பாருங்க அசரத்தே. வெளிறிப் போயில்ல கெடக்கு."

முகம் வெளிறித்தான் இருந்தது. அரை மணி நேரமாக இரும்புக் கட்டிலை இழுத்துக்கொண்டு வரும் ஒன்றிடமிருந்து தப்பித் தப்பி ஓடியவளுக்கு வேறு எப்படி இருக்கும்? அசரத்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடியே ஒவ்வொன்றாகக் கேட்டார். தூக்கம் வருகிறதா, கெட்ட கனவு உண்டா, சோறு இறங்குகிறதா, வீட்டுக்குள் யாரோ நடமாடுவது போலத் தோன்றுகிறதா. நாலாவது கேள்வியில்தான் ஹபீபுன்னிசாவுக்கு உறைத்தது. அவர் வந்திருப்பது அவளைப் பார்க்க. பாட்டில் தண்ணீர் அவளுக்கு ஓதி ஊதிக் கொடுக்க. அவளால் அடக்க முடியவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பாத்தீங்களா, சிரிக்கிறா!" நஃபீசா இரண்டடி பின்னால் போனாள். "நான் சொன்னேன்ல?"

விஷயம் இதுதான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். மத்தியானத் தொழுகை முடிந்து தெரு அடங்கியதும், அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் விம்மி விம்மி அழுவதையும், இரும்பைத் தரையில் தேய்ப்பதையும் நஃபீசா நாள் தவறாமல் கேட்டு வந்தாள். வெயிலில் மழை பெய்யும் சத்தம்கூடக் கேட்டதாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நஃபீசா மச்சிக்கோ காதும் அப்படி. நேராக வந்து, என்ன புள்ள சத்தம் என்று கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். அவள் ஜித்தாவுக்குப் போன் போட்டாள். தம்பி அப்துல் அஜீஸ் அங்கே ஒரு சூப்பர் மார்க்கெட் கிடங்கில் வேலை. போன வருஷம்தான் வீட்டை இடித்து, முகப்பில் வளைவு வைத்துக் கட்டியிருந்தான். ஊர்க் கண் பட்டு வீட்டுக்குள் ஜின் புகுந்து பெண்டாட்டியைப் பிடித்துக்கொண்டது என்று அக்காவும் தம்பியும் அரபிக்கடலுக்கு மேலேயே முடிவு கட்டிவிட்டார்கள். அசரத்துக்கும் அவனே போன் போட்டு யோசனை கேட்டான். பெண்டாட்டியிடம் யாரும் கேட்கவில்லை. ஜின் பிடித்தவளிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது?

டிவியில் மாட்டியிருந்த அந்த வீடியோ கேம் பெட்டி மகன் ஜாபிருடையது. டிப்ளமா படித்த காலத்தில் வாங்கினான். மாயவரத்தில் வாங்கிய டிஸ்க்குகளில் ஒன்றில் இந்த ஆஸ்பத்திரி இருந்தது. ஏதோ ஒரு தீவு, அதில் கைவிடப்பட்ட காசநோய் ஆஸ்பத்திரி, ஓயாத மழை, கையில் விளக்கோடு ஒரு நர்ஸ். தனியாக விளையாட அவனுக்குப் பயம். "அம்மா, சும்மா பக்கத்துல ஒக்காருங்களேன்" என்பான். அவள் கீரை ஆய்ந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். இரண்டாவது மாடி தாண்டுவதற்குள் அவனுக்கு அலுத்துவிட்டது. "செம போரும்மா. எண்ணெ எடு, ஏறு, வெளக்கேத்து, எறங்கு, எண்ணெ எடு. செக்குமாடு மாதிரி." அடுத்த மாதம் அவனும் ஷார்ஜாவுக்கு விமானம் ஏறினான். பெட்டி டிவிக்கு அடியில் துணி மூடிக் கிடந்தது. ஒரு மத்தியானம் அவள் துணியை எடுத்தாள்.

மகன் சொன்னது பொய்யில்லை. அந்த விளையாட்டில் வேலை ஒன்றேதான். ஒவ்வொரு மாடியிலும் விளக்குகளை ஏற்ற வேண்டும், எண்ணெய் தீரத் தீர நிலவறைக்கு இறங்க வேண்டும். மூன்றாவது மாடி இரண்டாவது மாடியேதான், சுவருக்குச் சாயம் மாற்றியிருந்தான், அவ்வளவு. விளையாட்டைச் செய்தவன் சோம்பேறி என்று ஹபீபுன்னிசாவே நினைத்ததுண்டு. அதுவரை ஆடியது அழியாமல் நிற்க வேண்டுமானால் தாழ்வாரக் கோடியில் இருக்கும் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் கரண்ட் போனால் எல்லாம் முதலிலிருந்து. அந்த வருஷம் குத்தாலத்தில் கரண்ட் எப்போது போகும் என்பது மின்சாரக்காரனுக்கே தெரியாது. ஒரே மாடியை அவள் எத்தனை தரம் ஏறினாளோ.

ஆனால் அந்த இடம்! தகரக் கூரையில் மழை விழும் சத்தம், ஈரத்தில் ஊறிய கதவு திறக்க மனமில்லாமல் முனகுவது, தாழ்வார முனையில் ஜன்னல் வழியே தெரியும் சாம்பல் நிறக் கடல். அவள் சில நாள் விளக்கே ஏற்றுவதில்லை. நர்ஸை அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுக் கடலையே பார்த்துக்கொண்டிருப்பாள். இங்கிலீஷ் அவளுக்கு வராது. யார் யாரைக் கொன்றார்கள், ஏன் அந்தப் பெண் அழுகிறாள், எதுவும் தெரியாது, அது அவளுக்குப் பெரிய குறையாகவும் படவில்லை. கல்யாணமான மூன்றாம் வருஷம், விசிட் விசா அனுப்புகிறேன் என்று அப்துல் அஜீஸ் சொன்னதை நம்பிப் பாஸ்போர்ட் எடுத்தாள். ஒரு முத்திரைகூட விழாமல் அது காலாவதியாகி, பீரோவில் நகைப்பெட்டிக்கு அடியில் கிடந்தது. கிழக்கே நாகூர், மேற்கே தஞ்சாவூர். அதற்குமேல் அவள் போனதில்லை, போனபோதெல்லாம் கூட ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள். யார் கூடவும் இல்லாமல் அவள் தனியாகப் போன ஒரே ஊர் இந்த ஆஸ்பத்திரிதான்.

பயம்? இருந்தது. ஆனால் இத்தனை காலம் அவள் பட்டதெல்லாம் அடுத்தவர் அவள் தலையில் வைத்த பயம். வேளை கெட்ட வேளையில் போன் அடித்தால் பயம், ஜித்தாவில் போலீஸ்காரர்கள் ஆள் பிடிக்கிறார்களாம் என்றால் பயம், மகனுக்குக் காய்ச்சல் என்றால் பயம். இந்தப் பயம் அவளே சுவிட்சைப் போட்டு வரவழைப்பது. போதும் என்றால் நின்றுவிடும்.

"சத்தம் எந்த ரூம்லேர்ந்து வருது?" என்று கேட்டார் அசரத்து.

"இங்கேர்ந்துதான்," என்று டிவியைக் காட்டினாள் ஹபீபுன்னிசா. "கேக்குறீங்களா?"

அவர் வேண்டாம் என்பதற்குள் சத்தத்தைக் கூட்டிப் பொத்தானை அமுக்கிவிட்டாள். கூடம் முழுக்க மழை கொட்டியது. நர்ஸ் எண்ணெய்க் குவளையோடு படியேறினாள். மாடித் தாழ்வாரத்தில் எங்கோ ஒரு பெண் விம்மினாள். "இதேதான்! இதே அழுகைதான்!" என்று நஃபீசா அசரத்தின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். அசரத்து நல்ல மனுஷர், உண்மையிலேயே கவனித்துப் பார்த்தார். இரும்புக் கட்டில் தேயும் சத்தம் கிட்டே வந்து நின்றது. "இப்ப எங்க போச்சு?" என்று முன்னால் குனிந்து கேட்டார். அப்போது அது நர்ஸின் பின்னாலிருந்து வந்தது. அசரத்து குர்ஆன் ஆயத் ஒன்றை உரக்க ஓதியபடி துள்ளி எழுந்தார், பாட்டில் உருண்டு, ஓதாத தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. திரை கறுத்து, நர்ஸ் செத்துப்போனாள்.

அசரத்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "இது ஜின்னு இல்லம்மா நஃபீசா, மிஷினு," என்றார்.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டதே. ஜின் இல்லை என்றால் நஃபீசா மச்சியின் மரியாதை என்னாவது?

"மிஷினோ என்னவோ. மவனுக்குப் பொண்ணு பாக்குற வயசுல பேய் பொம்மையோட வெளையாட்டு. ஊரு என்ன சொல்லும்? இன்னிக்கே இந்தப் பொட்டிய வெளியேத்துறேன். எம் பேரன் எடுத்துட்டுப் போயி ஆத்துல போடட்டும்."

"நல்ல வீட்டுக்கு இது வேணாம்தாம்மா," என்று அசரத்தும் முனகினார். எழுந்து போக ஒரு வழி தேடும் குரல் அது.

நஃபீசா அதற்குள் செல்போனை எடுத்துத் தம்பிக்குப் போட்டு, ஸ்பீக்கரை அமுக்கி மேஜையில் வைத்துவிட்டாள். நடந்ததை அவளே சொன்னாள். பெட்டி, டிஸ்க், பேய் எல்லாம், அசரத்து துள்ளியதைத் தவிர. ஜாபிரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று வைத்தவன், ஐந்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டான்.

"ஹபீபு," என்றது போன். பின்னால் கிடங்கில் டிராலி உருளும் ஓசை. "இருக்கியா?"

"இருக்கேன்."

"அக்கா சொல்றது நெசமா? பயந்துபோய்ட்டேன் நான். ரெண்டு நாளா வேலையே ஓடல."

அந்தக் குரலில் கவலை இருந்தது. அது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரியும். அதனாலேயே அடுத்து வந்தது சுட்டது.

"சரி, போவட்டும். அக்காகிட்ட அத குடுத்துடு. ஜாபிருகிட்ட கேட்டேன், ஒரே வேலைய திரும்பத் திரும்ப செய்யிற போரு கேமுன்னான். அதுல அப்படி என்னத்த கண்ட நீ?"

மகனிடம் கேட்டிருக்கிறான். அக்காவிடம் கேட்டிருக்கிறான். அசரத்திடம்கூடக் கேட்டிருக்கிறான். ஹபீபுன்னிசாவுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. அசரத்து இருப்பதும் மச்சி இருப்பதும் மறந்துபோயிற்று, அல்லது இருக்கட்டுமே என்று தோன்றியது.

"ஆமாங்க, ஒரே வேலதான். எறங்குறது, ஏறுறது, வெளக்கேத்துறது. அவன் சொன்னது சரிதான். நான் இருவத்திரெண்டு வருஷமா இந்த வீட்டுல ஒல வைக்கிறேன், வடிக்கிறேன், கழுவுறேன், மறுபடி ஒல வைக்கிறேன். போரா இருக்குமே ஹபீபு, விட்டுடுன்னு யாராவது சொன்னீங்களா? நீங்க ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் வர்றீங்க. அதே பொட்டி, அதே கோடாலித் தைலம், அதே சோப்பு, அதே அடுத்த வருஷம் விசா. நான் ஒருநாள் சலிச்சிருப்பேனா?"

அசரத்து சுவரில் மாட்டியிருந்த காபா படத்தை முதல்முறை பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பேச்சு பேசுற நீ? பக்கத்துல யாரு இருக்கான்னு பாத்துப் பேசு."

"இருக்கவங்கள நான் கூப்புடல."

டிராலி ஓசை நின்றது. ஆள் எங்கோ ஒதுங்கிப் போயிருக்க வேண்டும். குரல் தணிந்து வந்தது. "அங்க... இருட்டுல தனியா போவியாமே. பயமா இல்லயா ஒனக்கு?"

"இருக்கு."

"பின்ன?"

"எனக்குன்னு இருக்குற பயம் அது. யாருக்கும் குடுக்க மாட்டேன்."

"நீ ரொம்ப மாறிட்ட ஹபீபு."

"மாறல. நீங்க பாத்ததில்ல."

அவன் பழைய குரலை எடுத்துப் போட்டுக்கொண்டான். "அடுத்த மாசம் லீவுல வர்றேன். வந்து மொத வேலையா நானே அத ஆத்துல போடுறேன்."

"வாங்க," என்றாள். "வந்து மொதல்ல வெளையாடிப் பாருங்க. அப்புறம் போடுறத பாக்கலாம்."

அவன் பேசி முடித்து வைக்கும்வரை காத்திருப்பதுதான் இத்தனை வருஷ வழக்கம். இந்தத் தடவை அவள் கைநீட்டிச் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். மச்சியின் போனை மச்சியிடமே கொடுத்தாள். "டீ போடட்டுமா அசரத்தே?" என்று கேட்டாள். அவர், வேண்டாம்மா, அசர் தொழுகைக்கு நேரமாகிறது என்று பாட்டிலைப் பொறுக்கிக்கொண்டு எழுந்தார். நஃபீசா, "இது நல்லதுக்கில்ல, பாத்துக்க" என்று சொல்லிவிட்டு அவர் பின்னால் போனாள். போகிறபோது பெட்டியை ஒரு பார்வை பார்த்தாள். தொடவில்லை.

ஹபீபுன்னிசா தரையைத் துடைத்தாள். அடுத்த மாதம் அவன் வரத்தான் செய்வான், சொன்னதைச் செய்தாலும் செய்வான். அப்போது என்ன செய்வாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கதவைச் சாத்தப் போனவள், நிலைப்படியில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தெருவைப் பார்த்தாள். பிறகு இரண்டு கதவையும் விரியத் திறந்து வைத்தாள். தெருப் பக்க ஜன்னலையும் திறந்தாள். டிவி சத்தத்தை அது போகும் வரைக்கும் கூட்டினாள்.

பள்ளிவாசல் தெருவில் நல்ல வெயிலில் மழை கொட்டத் தொடங்கியது. சைக்கிளில் அயிரை மீன் கொண்டுவந்தவன் காலை ஊன்றி நின்று வானத்தைப் பார்த்தான். தன் வீட்டுப் படியில் ஒரு காலை வைத்த நஃபீசா அப்படியே நின்றாள். உள்ளே, கரண்ட் இருந்தது. ஹபீபுன்னிசா சம்மணம் போட்டு உட்கார்ந்து, நிலவறையில் எண்ணெயைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்க முதல் படியில் காலை வைத்தாள்.