கழுத்தளவு நீரில் உயர்ந்த கை

பிணம் ஒன்று ஊரவையில் கையை உயர்த்தித் தீர்மானம் நிறைவேற்றியது; அத்தீர்மானத்தால் ஒரு பாலம் எழுந்தது. நகைக்காதீர், கற்றறிந்த பெரியீர்! நள்ளிரவில் நாய் குரைக்கக் கேட்டு நடுங்கியவன் கட்டிவிட்ட கதையன்று இது. மன்னார்குடிக்குக் கிழக்கே கீழைநல்லூரில், விடுதலை நாளன்று, கொடியேற்றி இனிப்பு வழங்கிய பிசுபிசுப்பு கையில் காயுமுன், ஊரெல்லாம் காண நடந்தது. ஊரே சான்று, வாய்க்கால் கெண்டைகளும் சான்று. நம்ப மறுத்தவர் ஒரே ஒருவர். அந்தப் பிணத்தைச் சுமந்தவர்களுள் அவரும் ஒருவர் என்பதுதான் வேடிக்கை.

ஆடி முடியும் தறுவாயில் ஆவணி எட்டிப் பார்க்கும் அக்காலையில், கல்லணை தாண்டிய காவிரி ஆறாறாய்ப் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாய்க் கிளைத்து, வரப்புகளின் இடுக்கெல்லாம் நுழைந்து, கடைமடை நிலத்தின் காதில் தன் வரவைச் சொல்லிக்கொண்டிருந்தது. பால் பிடித்த குறுவைக் கதிர்கள் தலை கவிழ்ந்து நிற்க, கொக்குகள் வெள்ளைத் துணி உலர்த்தியதுபோல் வரப்பில் வரிசையிட, கீழைநல்லூரின் தெற்கெல்லையில் ஈச்சன் வாய்க்கால் இரு கரையும் தொட்டுப் புரண்டது. கண்ணுக்கு அழகான புனல்தான். ஆனால் தெற்குத் தெருவார்க்கு அதன் பொருள் வேறு. அவர்கள் சுடுகாடு அதன் அக்கரையில் இருந்தது; அக்கரைக்குப் பாலமில்லை. வடக்குத் தெருவார் சுடுகாட்டுக்கோ, பல்லக்கு குலுங்காத தார்ச்சாலை ஊரின் மறுபுறம் பளபளத்துக் கிடந்தது.

தெற்குத் தெருவில் பிறந்தவள் கயல்விழி. பிறர் வயலில் உழைத்து, தன் வயலென ஒரு துண்டு வாங்கிய இராஜாங்கத்தின் ஒரே மகள். மன்னார்குடியில் குருதி ஆய்வுக்கூடத்தில் பணி. ஊசி குத்தியதையே அறியாமல் குருதி எடுப்பாள்; தூங்குகிறவரிடம் எடுத்தால் அவர் கனவுகூடக் கலையாது என்பார்கள். அத்தகைய நடுங்காக் கைக்காரிக்கு ஒரு குறை. சினம் வந்தால் சொல் வருமுன் கண்ணீர் வரும். துளித்துளியாய் அன்று, ஒரு மா நிலத்தில் நடவு நடலாம் என்னுமளவுக்கு.

அவள் தாய் அம்சம் இறந்த ஐப்பசியில்தான் அந்தச் சினம் அவளுள் குடிபுகுந்தது. பெண்கள் கரையோடு நின்றுவிடுவது வழக்கமாகையால், மார்பளவு நீரில் பாடையைத் தலைக்குமேல் ஏந்தி ஆடவர் இறங்கியதை அவள் கரையிலிருந்தே கண்டாள். நடுவாய்க்காலில் ஒருவன் கால் வழுக்கியது. பாடை சாய்ந்தது, அம்மா நீருள் நழுவினாள், சேலை முந்தானை மட்டும் ஒரு கணம் மிதந்தது. தேடி எடுத்து எரித்தார்கள். ஈர உடல் எரிய மறுத்துப் புகைந்த அப்புகை அதன்பின் அவள் சோற்றிலும் உறக்கத்திலும் இருந்தது. இறங்கிப் பிடிக்காமல் கரையில் நின்றோமே என்று தன்மேலும், இத்தனை காலம் பொறுத்த தெருவின்மேலும், தார்ச்சாலையின்மேலும் அவளுக்கு ஒருசேரச் சினம் மூண்டது.

ஊரவை கூடும்போதெல்லாம் எழுந்து நிற்பாள். "எங்க சுடுகாட்டுக்கு…" என்று தொடங்குவாள். அவ்வளவுதான், மடை உடையும். ஊராட்சித் தலைவர் பஞ்சநதம் உடனே இளகுவார். நல்ல மனிதர், குட்டை உருவம், நெடிய மீசை, எவரையும் புண்படுத்தாமல் எதையும் செய்யாதிருக்கும் பெருந்திறம்.

"அழாதம்மா. யாருப்பா அங்க, அந்தப் பொண்ணுக்கு ஒரு டீ குடுங்க. முழங்கால் தண்ணிக்குப் பாலம் கேட்டா மேல சிரிப்பாங்க. சரி, பாத்துக்கலாம்."

அவையே உச்சுக் கொட்டும். அந்த உச்சுக் கொட்டலில் பாலம் கரைந்துபோகும். வீடு திரும்புகையில், தன் கண்களைத் தானே தோண்டி எறியலாம்போல் இருக்கும் அவளுக்கு. அழுகையை அடக்க அவள் செய்யாத வித்தையில்லை. நாவைக் கடித்தாள், தொடையைக் கிள்ளினாள், ஒருமுறை பச்சை மிளகாயை மென்றுகொண்டே அவைக்குப் போனாள். அன்று வழக்கத்தைவிட இருமடங்கு கொட்டியது. தேநீரும் இருமுறை வந்தது.

இதற்கிடையில் இராஜாங்கம் படுக்கையில் விழுந்தார். மருந்துக்கு இணங்காத நெஞ்சு, இணங்காத வாய். ஒரு மாலை மகளை அருகழைத்துச் சொன்னார்: "ஒங்கம்மாவ நனைச்ச மாதிரி என்னை நனைக்காதடி. எனக்குச் சளி ஒத்துக்காது." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்குப் பாலம் என்பது கோரிக்கை அன்று. தந்தைக்குக் கொடுத்த சொல்.

அவள் துயரைக் கேட்டவள் நூர்ஜஹான். மன்னார்குடிக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருப்பவள். சருக்கரை நோய்க்குக் குருதி கொடுக்க வந்து, நட்பையும் கொடுத்துப் போனவள். அவள் பேச்சுக்கு அஞ்சி வேனிற்காற்றே அக்கடை வாயிலில் ஒதுங்கி வீசும்.

"ஏங் கயலு, ஒன் கண்ணத் தொடைக்கிறதையே அவங்க வேலையா வச்சிருக்காங்க. செத்தவ கண்ண யாரு தொடைப்பா? பேசாம பாடையில ஏறிப் படுத்துடு."

"வெளயாடாதீங்கக்கா."

"வெளயாட்டுதான்! எங்கள்ல செத்தவங்களச் சந்தூக்குல வச்சுத் தூக்கிட்டு வந்தா, எதிர்ல வர்றவங்க யாரா இருந்தாலும் நாலு எட்டு தோள் குடுத்துட்டுத்தான் போவாங்க. ஒங்க தலைவரும் குடுக்கட்டுமே. தண்ணி முழங்காலா இல்லையான்னு அவரு ஒடம்பே சொல்லும்."

உயிருள்ளவள் பாடை ஏறுவதா என்று தெற்குத் தெரு மிரண்டது. தெருவில் பலர் கதவைச் சாத்தினர். இராஜாங்கம் கட்டிலில் கிடந்தபடியே தீர்ப்புச் சொன்னார்: "எனக்கு முன்னாடி ஒத்திகை பாக்குறா. பாக்கட்டும். பாட ஏணிய நல்லாக் கட்டுங்கடா, நாளைக்கு நானும் ஏறணும்." தெரு சிரித்தது, சிரித்தவர்கள் மூங்கில் வெட்டப் போனார்கள்.

விடுதலை நாள் ஊரவை கூடியிருந்தது. ஒன்றியத்திலிருந்து வந்த பூர்ணிமா என்னும் இளம் அலுவலர் தலைமேசையில் இருந்தாள். வரவுசெலவு படித்து முடித்த வேளை, பறை அதிர்ந்தது. நூர்ஜஹான் தன் கடையிலிருந்து கொணர்ந்த செந்நிறக் கோடித் துணி போர்த்து, பச்சைத் தென்னோலைப் பாடையில், கண்மூடிக் கிடந்தாள் கயல்விழி. முன்னே தெற்குத் தெருவின் ஒப்பாரிக்காரி அமிர்தம் மார்பில் அறைந்துகொண்டு வந்தாள். ஒப்பாரி தொடங்கிவிட்டால் இடைமறிக்கும் துணிவு அந்நாட்டில் எவனுக்கும் இல்லை. அரசனே ஆனாலும் முடியும்வரை நிற்க வேண்டியதுதான்.

"தாரு ரோடு போட்ட தலமவனே, எங்க
தங்கம் போற பாதை தண்ணியிலயா?"

அவை எழுந்து நின்றது. நடிப்பாய்த் தொடங்கிய அழுகை, தத்தம் வீட்டில் நனைந்துபோன பிணங்களை நினைத்த பெண்களின் தொண்டையில் மெய்யாய் முற்றியது. அமிர்தம் மூச்சு வாங்கிய இடைவெளியில் நூர்ஜஹான் முன்வந்தாள்.

"தலைவரே, தூக்குன பாடைய கீழ வைக்கக்கூடாதுல்ல? ஒரு ஆள் கொறையுது. முழங்கால் தண்ணிதானே, தோள் குடுங்க."

அலுவலர் பார்த்தாள், ஊர் பார்த்தது, பஞ்சநதத்தின் மீசை ஒருமுறை துடித்தது. பின்வாங்கினால் ஊர் பேசும். சென்றால் வேட்டிதான் நனையும் என்று கணக்கிட்டு, மடித்துக் கட்டி, முன்கம்பைத் தோளேற்றினார்.

ஊரவை முழுதும் கரைவரை பின்தொடர, பாடை வாய்க்காலில் இறங்கியது. முழங்கால் கரையிலேயே மூழ்கியது. நான்கு எட்டில் இடுப்பு. வாய்க்கால் நடுவில் மற்றவர்க்கு மார்பளவு; குட்டைத் தலைவர்க்குக் கழுத்தளவு. மீசை இருபுறமும் நீரில் மிதந்து, கெண்டைகள் புழுவென்று எண்ணி அதைச் சூழ்ந்தன என்பர். கெண்டைகளைக் கேட்டால் இல்லையென்னா. இரு கைகளாலும் கம்பைத் தலைக்குமேல் தாங்கி அவர் நின்றார். பாடை ஆடியது. அம்மா நழுவிய அதே இடம் என்பதைக் கயல்விழி கண் திறவாமலே அறிந்தாள். அச்சமும் சினமும் துயரும் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏற, மூடிய இமைவழியே கண்ணீர் வழிந்து, ஓலை இடுக்கில் ஒழுகி, தலைவரின் வழுக்கையில் சொட்டியது. வெந்நீர்போல் சுட்டதாம்.

எவரும் அழாதே என்று சொல்லவில்லை. பிணத்திடம் யார் சொல்வார்? கண்ணீர் பாய்ந்த வழியிலேயே அன்று சொல்லும் பாய்ந்தது. கரையிலிருந்தோர் அலற, அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"நான் அழுதுகிட்டேதான் பேசுவேன். கேளுங்க. எங்கம்மா இங்கதான் விழுந்தாங்க. எங்கப்பா கட்டில்ல கெடக்காரு. அவரு நனையக் கூடாது. எனக்கு டீ வேணாம், ஆறுதல் வேணாம். பாலம் வேணும்."

பூர்ணிமா கரையோரம் வந்தாள். "கூட்டம் இன்னும் முடியலை. இங்கயே கேக்குறேன். பாலத்துக்குச் சம்மதம்னா கை தூக்குங்க."

முதற்கை பாடையிலிருந்து எழுந்தது. கோடித் துணி நழுவ, வெயிலில், கண்ணீரில் நனைந்த விரல்களோடு உயர்ந்தது. பின் கரையெங்கும் நாற்று முளைத்ததுபோல் கைகள். வடக்குத் தெருவிலும் சில. அலுவலர் நீருள் நோக்கி, "தலைவர் ரெண்டு கையும் தூக்கியிருக்காரு. எழுதிக்குங்க," என்றாள். வாயைத் திறந்தால் வாய்க்கால் உள்ளே வருமாகையால், தலைவர் மறுக்கவில்லை.

கரையேறி உலர்ந்தபின் மறுத்தார். "நான் கையத் தூக்கலை, கம்பத் தூக்குனேன்," என்றார். "பொணம் கை தூக்குச்சாம்! பாடைக்கு அடியில நின்னவன் நான். மேல நடந்தது எனக்கு எப்படித் தெரியும்? பாலம் நம்ம முயற்சியில வந்தது." கோடையில் வாய்க்கால் வறண்டபோது பாலம் எழுந்தது, கல்வெட்டில் அவர் பெயரும் எழுந்தது. கயல்விழி கல்வெட்டைப் படித்துவிட்டு ஊசியோடு பணிக்குப் போனாள்.

கலவை காயவில்லை என்று கூற்றுவனை இருமுறை திருப்பி அனுப்பிய இராஜாங்கம், ஐப்பசி அடைமழையில், பாலம் இறுகிவிட்டது என்று கேட்டறிந்த பிறகே கண்மூடினார். மழை சற்று விட்ட வேளையில், பெண்கள் கரையோடு நிற்கும் வழக்கத்தைக் கரையிலேயே விட்டுவிட்டு, கொள்ளிச்சட்டியை ஏந்திப் பாடைக்கு முன்னே நடந்தாள் மகள். அடியில் ஈச்சன் வாய்க்கால் நுரைத்துப் புரண்டது. மேலே ஒரு துளியும் தெறிக்கவில்லை. தெற்குத் தெருப் பாடையின் பின்னே அதுவரை நடந்தறியாத பஞ்சநதம், குடையை மடக்கிக்கொண்டு, ஒதுங்கினாற்போல் உடன் வந்தார்.

அம்மா நழுவிய இடத்துக்கு நேர்மேலே கயல்விழி நின்றாள். மடை திறந்தது. அவள் துடைக்கவில்லை, மறைக்கவில்லை. கொள்ளி அணையாமல் கையை மட்டும் விலக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அழா…" என்று தொடங்கிய தலைவர், அச்சொல்லை விழுங்கினார். கைப்பிடிச் சுவரைப் பற்றி, நெடுநேரம் நீரையே நோக்கினார்.

"ஏம்மா."

"சொல்லுங்க தலைவரே."

"அன்னிக்கு நான் அண்ணாந்து பாக்கலை. அது நெசம்." மீசையில் தங்கியிருந்த மழைநீர் சொட்டியது. "ஆனா என் கண்ணுக்கு நேரா தண்ணியில தெரிஞ்சுதும்மா, ஒன் கை. மொதக் கை அதான்."