வெள்ளிக் குருவியின் கடைசிப் பக்கம்

கடைசிப் பக்கம் முடிய மாட்டேன் என்று அடம்பிடித்தது.

படத்தில் குறை ஒன்றும் இல்லை. ஐரா ஸ்லோட்கின் அதைத் திரும்பத் திரும்ப வரைந்து பார்த்துவிட்டார். ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே கோளாறு. நகலை மடித்து, ஸ்டேபிள் அடித்து, புத்தகம் மாதிரி யார் கையில் கொடுத்தாலும் அவர்கள் கடைசிப் படம் வரைக்கும் படிப்பார்கள். படித்து முடித்ததும் வலது கட்டைவிரல் தானாகப் பக்கத்தின் கீழ் மூலைக்குப் போய் அதைத் தூக்கும். அடுத்த பக்கம் கிடையாது என்று தெரிந்தும் தூக்கும்.

இப்போது கஸ் மன்செல்லாவின் விரலும் அதையேதான் செய்தது.

"பாத்தியா?" என்றார் கஸ். "கதை முடியலன்னு என் விரலுக்குத் தெரியுது. உனக்குத்தான் தெரியல."

"உன் விரலுக்கு எப்பவுமே அவசரம்டா. சாப்பாட்டு மேஜையிலயே பாத்திருக்கேன்."

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஐராவின் சமையலறை மேஜைதான் அவர்களுடைய பட்டறை. கஸ் கதை எழுதுவார். ஐரா பென்சிலில் வரைவார். ஐராவின் மனைவி ஜெல்டா வசனங்களைப் பேச்சுக் குமிழ்களுக்குள் எழுதுவார். பிறகு வரைபலகை மறுபடி ஐராவிடம் வரும், மை போடுவதற்கு. உலகப் போர் முடிந்து ஐராவும் கஸ்ஸும் ராணுவ உடுப்பைக் கழற்றிய வருஷத்திலிருந்து அவர்களுடைய காமிக்ஸ் வீரன் வெள்ளிக் குருவி இந்த மேஜையிலிருந்துதான் பறந்துகொண்டிருந்தான். பகலில் அவன் உயரமான கட்டடங்களில் ஜன்னல் துடைக்கிற ஹால் டோபின். சைரன் கேட்டால் முகமூடி. அக்கா ஈடி வைத்த சூப்பை அப்படியே போட்டுவிட்டு ஜன்னல் வழியாகப் பாய்ந்துவிடுவான். அத்தனை வருஷத்தில் அவன் ஒரு கிண்ணம் சூப்பை முழுசாகக் குடித்ததில்லை.

இப்போது கம்பெனி பத்திரிகையை நிறுத்திவிட்டது. பக்கங்கள் நாளை காலை அச்சுக்குப் போக வேண்டும். கஸ் தன் பழுதான நுரையீரலைத் தூக்கிக்கொண்டு, வறண்ட காற்றுக்காக அரிசோனாவுக்கு, மகள் வீட்டோடு போகிறார். எனவே இருவரும் கைகுலுக்கி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். ஐரா கேட்டபடி குருவி வீட்டுக்கு வந்து சூப் குடிக்கட்டும். ஆனால் சாயங்காலத்துக்குள் அந்தப் பக்கம் முடிந்தாக வேண்டும். இல்லையென்றால் கஸ் சொல்கிறபடி குருவி சாக வேண்டும். அந்தச் சாவுக் காட்சி கஸ்ஸின் சட்டைப் பையில் நான்காக மடித்துத் தயாராக இருந்தது.

"பாலத்துலேருந்து விழறான். ஆறு மூடிக்குது. முகமூடி மட்டும் மிதக்குது. இதுக்கு மேல யாரு பக்கத்தைப் புரட்டுவா?"

"எல்லாரும் புரட்டுவாங்க. நம்ம தொழில்ல தண்ணில விழுந்தவன் எவன்டா செத்திருக்கான்? அடுத்த மாசமே தலையைத் துவட்டிக்கிட்டு வந்து நிப்பான்."

"அப்போ உடம்பைக் காட்டிடுவோம்."

ஐரா பென்சிலைக் கீழே வைத்தார். அதை வரைய அவருக்கு மனம் இல்லை. வரையச் சொன்னால் கை வரைந்துவிடும், அதுதான் அவருக்குப் பயம்.

ஜெல்டா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பலகையின் மேல் குனிந்தார். "அட கடவுளே," என்றார். "நான் என்ன பண்ணி வச்சிருக்கேன் பாருங்க."

கடைசிப் படத்தின் வலது கீழ் மூலையில், பென்சிலில், சின்னதாக ஒரு கட்டம். ஒவ்வொரு மாதமும் 'அடுத்த இதழில்' என்று எழுதுவதற்கு அவர் கோடு போட்டு ஒதுக்குகிற இடம். கடைசி இதழிலும் கை தன் பழக்கத்தை விடவில்லை.

"அடுத்த இதழ்ல என்ன ஜெல்டா?" என்றார் கஸ். "குருவிக்குப் பல் வலியா?"

"உன் வாயை மூடற இதழ்," என்று சொல்லிக்கொண்டே ஜெல்டா கட்டத்தை அழித்தார்.

மர்மம் தீர்ந்தது என்றுதான் மூவரும் நினைத்தார்கள். ஐரா அந்த வெற்றிடத்தில் தரைப் பலகைகளை இழுத்து நிரப்பினார். தெருமுனைக் கடைக்குப் போய்ப் புது நகல் எடுத்து வந்து, மடித்து, ஜெல்டாவிடம் நீட்டினார். ஜெல்டா படித்தார். கடைசிப் படம் வந்தது. கட்டைவிரல் மூலைக்குப் போனது.

"எனக்கே வெக்கமா இருக்கு," என்றார் ஜெல்டா. "நான் தூக்கலப்பா. அதுவா போகுது."

கஸ் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். திறக்கவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. காபியை ஊதிக் குடித்தபடி ஜன்னல் பக்கம் பார்த்தார். கீழே தெருவில் யாரோ பேஸ்பால் வர்ணனையைச் சத்தமாக வைத்திருந்தார்கள்.

"பின்ஸ்கர் மிட்டாய்க்கடை ஞாபகம் இருக்கா?" என்றார்.

"எப்படி மறக்கும்? 'இது என்ன லைப்ரரியா, வாங்கறதுன்னா வாங்கு, இல்லன்னா நகரு'ன்னு கத்துவாரே."

முதல் இதழ் வந்த அன்று இருவரும் டிரெமோன்ட் அவென்யூவில் அந்தக் கடையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு சாக்லேட் சோடா. சுழலும் கம்பி ராக்கில் குருவி செருகப்பட்டிருந்தான். யார் எடுக்கிறார்கள், எந்தப் பக்கத்தில் சிரிக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக மதியம் முழுக்க அதையே உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த ரெட்டைப் பின்னல் பொண்ணு," என்றார் கஸ். "முதல்ல எடுத்தது அவதான். நல்லா ரசிச்சுப் படிச்சுக்கிட்டு வந்தா. பாதியில சட்டுன்னு மூடி ராக்குல வச்சுட்டுப் போயிட்டா. நீ அழுதுட்டே."

"அழல. சோடா மூக்குல ஏறிடுச்சு."

"அவளுக்கு அப்புறம் வந்த பசங்களும் அதே பக்கத்துல மூடுனாங்க. என்ன பக்கம்னு எடுத்துப் பாத்தோமே, அது என்னடா பக்கம்?"

"குருவி வீட்டுக்குத் திரும்பற பக்கம்," என்றார் ஐரா. "வேலை முடிச்சு, இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கமா…"

அவருடைய கை காற்றில் வலமிருந்து இடமாக நகர்ந்து, பாதியில் நின்றது.

அன்று மிட்டாய்க்கடையிலேயே அவர்கள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். வாசகனின் கண் இடமிருந்து வலமாக ஓடுகிறது. குருவியும் அதே திசையில் ஓடினால் கண்ணையும் கூடவே இழுத்துக்கொண்டு போவான். பக்கத்தின் வலது ஓரம் வந்ததும், மிச்ச வேலையைக் கட்டைவிரல் செய்யும். அவன் எதிர்த் திசையில் வந்தாலோ கண் அவன் மேல் முட்டிக்கொண்டு நின்றுவிடும். நின்றால் புத்தகம் மூடும். அதனால் குருவி எப்போதும் வலப்பக்கம்தான் பார்ப்பான், வலப்பக்கம்தான் பாய்வான். டோபின் வீட்டு ஜன்னல் எப்போதும் படத்தின் வலது ஓரத்தில், எப்போதும் திறந்தே இருக்கும். நாளடைவில் காரணம் மறந்துபோனது. சட்டம் மட்டும் கையோடு தங்கிவிட்டது.

ஐரா கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். குருவி இடது பக்கம் உட்கார்ந்து சூப் குடிக்கிறான். எதிரே ஈடி. அவளுக்குப் பின்னால், வலது ஓரத்தில், திறந்த ஜன்னல். கரண்டி கையில் இருந்தாலும் அவன் முகம் ஜன்னலைத்தான் பார்க்கிறது. அடுத்த சைரனுக்குக் காத்திருப்பவன் போல.

"டேய்," என்றார் ஐரா. "நாம அவனை நிறுத்தவே இல்லடா."

அவர் நகலை எடுத்து, அச்சுப் பக்கத்தை ஜன்னல் கண்ணாடியில் பதித்து, வெளிச்சத்தில் பின்புறமாகப் பார்த்தார். முகம் கோணியிருக்கிறதா என்று பார்க்க ஓவியர்கள் செய்கிற பழைய வேலைதான். இடம் வலமானது, வலம் இடமானது. கஸ் எழுந்து வந்து தோளுக்குப் பின்னால் நின்றார்.

"முட்டாள்கள்டா நாம," என்றார் மெதுவாக. "நாலு பேர் புத்தகத்தை மூடுனதுக்கு அழுதியே. அதுதான்டா இப்ப வேணும்."

"அழலன்னு சொன்னேன்ல."

மத்தியானம் முழுக்க ஐரா வரைந்தார். கஸ் ஈடியின் பழைய வசனத்தை அடித்துவிட்டு, 'ஆறதுக்குள்ள குடி' என்று மட்டும் எழுதினார். குருவிக்கு வசனமே இல்லை. ஜெல்டா அதை எழுதி, குமிழைச் சுற்றிக் கோடு போட்டார். பிறகு, மை காய்வதற்குள், அடுப்பில் இருந்த பார்லி சூப்பைக் கிண்ணங்களில் ஊற்றினார்.

புது நகலை இந்தத் தடவை அவர்தான் முதலில் படித்தார். இரண்டு ஆண்களும் அவருடைய கட்டைவிரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசிப் படம் வந்தது. விரல் ஓரத்திலேயே கிடந்தது. ஜெல்டா கொஞ்ச நேரம் பார்த்தார். புத்தகத்தை மூடினார். அட்டையை ஒரு தரம் உள்ளங்கையால் தடவினார்.

"என்ன ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே இருக்கீங்க?" என்றார். "சாப்பிடுங்க."

கஸ் மடித்த காகிதத்தைப் பிரிக்காமலே சூப் கிண்ணத்துக்கு அடியில் செருகினார். மேஜையில் சூடு படாமல் இருக்க அது போதும்.

குருவியைக் கொல்ல வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருஷம் வலப்பக்கம் ஓடியவன், கடைசிப் படத்தில் வலது ஓரத்திலிருந்து இடப்பக்கம் பார்த்து வீட்டுக்குள் வந்திருந்தான். வந்ததும் தனக்குப் பின்னால் ஜன்னலை இறக்கி மூடியிருந்தான். 'அடுத்த இதழில்' கட்டம் இருந்த மூலையில் அவன் கழற்றி வைத்த பூட்ஸ் இருந்தது.