குடைக்காரனுக்கு வந்த பகட்டு

பட்டறையில் கொலுவுக்குத் தயாராகும் ராஜா பவனி செட்டில் ஒன்பது பொம்மைகள். எல்லாம் ஒரு சாண் உயரம். அவற்றில் அம்பாரி யானைக்குக் கல் பதிப்பது பதினோரு வருஷமாக மூத்தவளின் வேலை. இந்த முறை முதலாளியம்மா யானையைத் தூக்கிக்கொண்டு போய் அவளுடைய ஓரகத்தி சின்னவளின் மேசையில் வைத்தார்.

"சின்னவளுக்குக் கை நல்லா வருது. செஞ்சு பாக்கட்டும். நீ குடைக்காரன எடுத்துக்க."

வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறாளே என்று ஆறு மாசத்துக்கு முன் சின்னவளை இங்கே சேர்த்துவிட்டதே மூத்தவள்தான். ஏற்கெனவே மாமியார் வாய் நிறைய மெச்சுவது சின்னவள் மடித்த துணியைத்தான். இப்போது யானையும் போயிற்று.

"அக்கா, கோவமா?"

"எனக்கென்னடி கோவம்? யானை மேல ஏறிட்ட. கீழ நிக்கிறவங்க உன் கண்ணுக்குத் தெரிஞ்சா சரி."

சின்னவள் சிரித்தாள். மூத்தவள் குடைக்காரனை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

குடைக்காரனுக்குக் குடை விளிம்பில் ஒரு வரிசை சிவப்பு, இடுப்பில் ஒரு பச்சை, அவ்வளவுதான் கணக்கு. மூத்தவளோ யானைக்கென்று பல மாசமாகப் பொறுக்கி டப்பாவில் சேர்த்த கற்களையெல்லாம் அவன் மேல் கொட்டினாள். தலைப்பாகையில் மூன்று வரிசை. மினுமினுப்பு கூடட்டும் என்று ஒவ்வொரு கல்லுக்கும் அடியில் வெள்ளித்தாள்.

நாலாம் நாள் ஒன்பதையும் விளக்குக்குக் கீழே வரிசையாக வைத்தார்கள். முதலாளியம்மா கண்ணைச் சுருக்கினார்.

"யாரும்மா இவன்? ராஜாவுக்குக் குடை பிடிக்கிறவனா, பொண்ணு குடுத்த மாமனாரா?"

கூடமே சிரித்தது.

"இவன் பக்கத்துல ராஜாவ யாரு பாப்பாங்க? எல்லாத்தயும் பேத்தெடு. யானை நெத்திக்கு எடுப்பா இருக்கும்."

ஒட்டிய கையாலேயே சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பெயர்த்துச் சின்னவளின் தட்டில் போட்டாள் மூத்தவள். சின்னவள் பதித்துக்கொண்டே வந்தாள். கடைசியில் நெற்றி நடுவில் பெரிய பச்சை.

"அக்கா, சரியா இருக்கா?"

ஒரு நூல் இடப்பக்கம் தள்ளியிருந்தது. வாங்குகிறவர் கண்ணில் படாது, முதலாளியம்மா கண்ணுக்குத் தப்பாது. இருக்கட்டும், அவள் பெயர்தானே கெடும் என்று மூத்தவள் திரும்பி உட்கார்ந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். பசை காய இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது. அப்படியே விட முடியவில்லை.

"தள்ளு" என்று சாமணத்தைப் பிடுங்கி, கல்லை நகர்த்தி அழுத்தினாள்.

அந்தப் பக்கமாக வந்த முதலாளியம்மா குனிந்து பார்த்தார். "அடேயப்பா, என்ன நேர்த்தியா உக்காந்திருக்கு! இனிமே யானை உனக்குத்தான்" என்று சின்னவள் முதுகில் தட்டினார்.

சின்னவள் மூத்தவளைப் பார்க்காமல், "சரிங்கம்மா" என்றாள்.