பூசணியின் நிழல்

விஜயதசமி அன்று காலை, மண்ணூர்பேட்டையில் எழும்பிக்கொண்டிருந்த புது அலுவலகக் கட்டடத்தின் மின்னறையில், மீட்டரின் முள் மூச்சு விடுவதைப் போல ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. ஜுபைதா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வானத்தில் மேகத்தின் துணுக்குக்கூட இல்லை. நேற்றுவரை இதே வெயிலில் நிமிர்ந்து நின்ற முள் அது.

தெற்குச் சுவரின் ஜன்னல்களுக்கு மேலே, சிமென்ட் சன்ஷேடு வரவேண்டிய இடங்களில் எல்லாம், சூரிய ஒளிப் பலகைகளைச் சாய்வாகப் பதித்தவள் அவள்தான். அறைக்குள் வெயில் விழாமல் அவை தடுக்கும். தடுத்த வெயிலையே விளக்காகவும் எரிக்கும். ஒரு பொருள் இரண்டு வேலை செய்யும் அந்த ஒழுங்கில் அவளுக்கு அலாதியான திருப்தி. முதலாளி கஜபதிக்கோ பாதி நம்பிக்கைதான். முகப்பு முழுவதும் நீலக் கண்ணாடி ஒட்டவேண்டும் என்பது அவருடைய மைத்துனரின் ஓயாத பேச்சு. தொண்ணூற்று நான்காம் ஆண்டில் அண்ணா சாலையில் அதுதான் மோஸ்தர்.

"தசமி அன்னிக்கு உச்சிப் பொழுதுக்கு வரேன்" என்று கஜபதி சொல்லியிருந்தார். "பாட்டரில சேத்துவெச்ச கரண்ட் வேணாம்மா. அடிக்கிற வெயில்ல ஹால் வெளக்கு பளிச்சுனு எரியணும். எரியலேன்னா எல்லாத்தையும் கழட்டிட்டுக் கண்ணாடிதான்."

மின்வேலை பார்க்கும் பால்ராஜ் முள்ளைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"மேடம், கம்முனு ஈபி லைனக் குட்த்துட்டா வேல முடிஞ்சிது. வெளக்கு எங்கேர்ந்து எரியுதுன்னு அவருக்கு இன்னா தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே, பால்ராஜ்."

"இந்தப் பதிலுக்குப் பயந்துதான் உங்ககிட்ட நான் வாயே தொறக்கறதில்ல."

முதலில் அவள் சந்தனத்தைச் சந்தேகித்தாள். நேற்றைய ஆயுத பூஜையில் கடப்பாரை, ஏணி, கலவை இயந்திரம் என்று எதையும் விடாமல் பொட்டு வைத்தவர்கள், பலகைகளையும் விடவில்லை. பொரிகடலையைக் கொறித்தபடி அவளும் வேடிக்கை பார்த்தாள். விடிந்ததும் முதல் வேலையாக ஈரத்துணியால் அத்தனையையும் துடைத்தாயிற்று. இருந்தும் முள் ஆடியது. அழுக்கு என்றால் முள் தாழ்ந்து நிற்கும், ஆடாது. உள்ளே முள் ஆடுகிறது என்றால், வெளியே ஏதோ ஆடுகிறது. இது தோன்றிய கணமே அவள் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள்.

மொட்டை மாடியிலிருந்து நீட்டிய சவுக்குக் கழியில், வாசலுக்கு நேராக, முறுக்கு மீசை வரைந்த திருஷ்டிப் பூசணிக்காய் ஒன்று காற்றில் அசைந்துகொண்டிருந்தது. அதன் கறுத்த வட்டம் மேல்வரிசையின் நடுப்பலகையில் விழுவதும் விலகுவதுமாக இருந்தது.

"யார் கட்டினது?"

சித்தாள்களின் தலைவி நாகம்மாள் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினாள். "நான்தான், நேத்து பூசை முடிஞ்சப்பறம். இன்னாத்துக்குக் கேக்குற? பஸ்ஸுல போறவன் வர்றவன்லாம் கழுத்த ஒடிச்சிகினு இந்தப் பலகைங்களயே பாக்குறான். கண்ணு பட்டு வெடிச்சிப்புட்டா?"

"நாகம்மா, நீங்க வரிசையா நின்னு கலவைச் சட்டி கைமாத்துறீங்களே, நடுவுல ஒருத்தி கைய மடக்கிக்கிட்டா?"

"மேல நிக்கிற மேஸ்திரி எங்கம்மாவ இஸ்துப் பேசுவாரு."

"அதான் இப்ப நடக்குது. பலகையெல்லாம் ஒரே வரிசை. நடுவுல நிக்கிறவ கைய உன் பூசணிக்கா புடிச்சுக்கிட்டிருக்கு."

நாகம்மாள் நிழலைக் கூர்ந்து பார்த்தாள். புரிந்தது, ஆனால் இளகவில்லை. "அதுக்கோசரம் கட்டுன திஷ்டிய அவுக்கறதா? அது அழுவி, தானா உழணும்."

ஜுபைதா ஒரு கணம் தயங்கினாள். பூந்தமல்லியில் தன் வீட்டு வாசல்நிலையில், ஓதிக் கட்டிய தாயத்து ஒன்று பல காலமாகத் தொங்குகிறது. அதைக் கழற்று என்று வெளியார் சொன்னால் அம்மா என்ன பதில் சொல்வாள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"அவுக்க வேணாம். கழியோட தள்ளிடலாமா?"

நாகம்மாள் யோசித்தாள். "தள்ளிக்கோ. தள்றதப் பத்தி யாரும் ஒண்ணியும் சொன்னதில்ல."

கிழக்கு மூலையில், மாடிப்படிக்கு மேலே, பலகை இல்லாத வெற்றுச் சுவர் இருந்தது. பால்ராஜ் கழியை அங்கே நகர்த்தினான். முள் ஏறியது, ஏறிய இடத்திலேயே நின்றது.

கஜபதி சொன்ன பொழுதுக்கு வந்துவிட்டார். மைத்துனர் கொடுத்தனுப்பிய நீலக் கண்ணாடித் துண்டை மணற்குவியலில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனார். விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. அவர் முகம் மலர்ந்தது. வெளியே வந்து அண்ணாந்தார்.

"பூசணிக்காய எவன் மூலைல கட்டுனது? வாசலுக்கு நேரால்ல கட்டணும்!"

பால்ராஜ் தன் செருப்பை ஆராய்ந்தான். ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிக் கடந்துவிடலாம். ஜுபைதா சொல்லவில்லை.

"நேராத்தான் இருந்துச்சு சார். நான்தான் தள்ளச் சொன்னேன். அதோட நிழல் விழுந்தா வெளக்கு மங்கிடும்."

"ஒரு பூசணிக்காய்க்கே படுத்துக்கிற சாமானை வெச்சிகினு நான் எப்பிடிம்மா ஆபீஸ் நடத்துறது?"

"கண்ணாடி ஒரு கல்லுக்குப் படுத்துக்கும் சார். படுத்தா எந்திரிக்காது. இது நிழல் நகந்ததும் எந்திரிச்சுக்கும். மாடிக்கு வாங்க, நீங்களே தள்ளிப் பாருங்க."

கஜபதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியேறினார். கழியைத் தம் கையாலேயே நடுவுக்குத் தள்ளினார். கீழே ஹால் வாசலில் நின்ற நாகம்மாளின் குரல் எழும்பியது.

"மங்கிப்போச்சி!"

மூலைக்குத் தள்ளினார்.

"வந்துட்ச்சி! ஜோரா வந்துட்ச்சி!"

மீண்டும் நடுவுக்குத் தள்ளினார். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. உதட்டோரத்தில் சிரிப்பா முனைப்பா என்று சொல்லமுடியாத ஒரு சுழிப்பு. ஜுபைதா இனி பேசவேண்டிய அவசியம் இல்லை என்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். நாளைக் காலை வெயிலில் மூலைப் பூசணியின் நிழல் எதுவரை நீளும் என்று அவள் கண் அளந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு முழம் தள்ளினால் போதும்.

கீழே, மணற்குவியலில் சாய்ந்திருந்த நீலக் கண்ணாடிக்குள், முறுக்கு மீசையோடு பூசணிக்காய் வாசலுக்கும் மூலைக்கும் போய் வந்துகொண்டிருந்தது.